திறக்க விட்டவர்களும் பூட்டியவர்களும்

1554-இல் லிஸ்பன் நகரில் அச்சான ஒரு சிறு ஞானோபதேச நூலில் தமிழ் இருக்கிறது, தமிழ் எழுத்து இல்லை. முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காகத் தயாரான அந்த நூலின் தமிழ்ச் சொற்கள் அத்தனையும் ரோமன் எழுத்தில் கோக்கப்பட்டிருந்தன. லிஸ்பன் அச்சுக்கூடத்தின் பெட்டிகளில் தமிழ் அச்சு கிடையாது என்பதுதான் காரணம். அதற்கு 12 ஆண்டுகள் முன்னால், 1542-இல், இந்தக் கரைக்கு வந்து மணப்பாட்டில் கடலோரக் குகையில் தங்கிய பிரான்சிஸ் சவேரியாரும் தமிழ் ஜெபங்களை வெறும் ஒலியாகத்தான் மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்தார். 1578-இல் நிலைமை மாறியது. கொல்லத்தில் அச்சான 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வந்தது. அதற்கான அச்சுகளில் ஒரு தொகுதி கோவாவில் வார்த்தது, இன்னொன்று கொல்லத்திலேயே வார்த்தது. 1586-இல் மணப்பாட்டுக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில், என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியாரின் 'அடியார் வரலாறு' 600 பக்கங்களுக்கு மேல் அச்சேறியது. அச்சுச் செலவுக்குக் கரையில் இருந்த பரதவர்களே பணம் கொடுத்தார்கள்.

ஐரோப்பாவில் அச்சு எந்திரத்தைச் செய்தவர் எவரும் தமிழை மனத்தில் வைத்துச் செய்யவில்லை. தமிழை அதில் ஏற்றலாமா என்று அவரிடம் யாரும் அனுமதி கேட்கவும் இல்லை. எந்திரம் கைக்கு வந்த பிறகு அச்சு வார்க்கத் தெரிந்தவர் எழுத்தை மாற்றினார், அவ்வளவுதான். ஒரு கருவி தன்னைச் செய்தவர் எண்ணிப் பார்க்காத மக்களுக்கும் உதவ வேண்டுமானால், வாங்கியவரோ வாங்கியவரின் ஊர்க்காரரோ அதைத் திறந்து மாற்ற முடிய வேண்டும். கைபேசி நிறுவனங்களில் எது தன் போனின் மென்பொருளைத் திறந்து மாற்ற விடுகிறது, எது விடவில்லை என்ற கேள்வியை இன்று பெரும்பாலும் பொழுதுபோக்கு ஆர்வலர்களின் சண்டையாகவே பார்க்கிறார்கள். முத்துக்குளித்துறையின் நானூற்றைம்பது ஆண்டுப் பழக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால் அது அப்படிச் சின்ன விஷயமாகத் தெரியாது. கடந்த பதினேழு ஆண்டுகளின் சான்றுகளை வரிசையாகப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது இது: திறக்க விடுவது எந்த நிறுவனத்தின் குணமும் இல்லை, அது சந்தையில் ஒரு கட்டத்தின் தேவை. தேவை இருந்தவரை கொடுத்தார்கள், தீர்ந்ததும் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே அதை நிறுவனத்தின் தயவாக விட்டுவைக்க முடியாது.

அச்சின் கதையிலேயே இதற்கு இன்னும் இரண்டு சான்றுகள் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்சுகள் வந்தன. அளவில் மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் தாள் போதாது. மிஷனரி சீகன்பால்குவின் அச்சுக்கூடத்தார் அங்கேயே சிறிய அச்சுகளை வார்த்துக்கொண்டார்கள், தாளுக்குப் பொறையாற்றில் ஆலையே வைத்தார்கள். இரண்டாவது சான்று நேர் எதிர்த் திசையில் இருப்பது. எந்திரம் எவ்வளவுதான் திறந்து கிடந்தாலும், அதை வைத்திருக்கும் உரிமையைக் கம்பெனி அரசு தன் கையில் வைத்திருந்தது. 1835-இல் பொறுப்புத் தலைமை ஆளுநர் மெட்காஃப் அந்தத் தடைகளைத் தளர்த்திய பிறகுதான் தமிழர்கள் தங்கு தடையில்லாமல் அச்சுக்கூடம் நடத்த முடிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஏட்டுச்சுவடிகள் அச்சுக்கு ஏறிய வேகம் அதற்குப் பின் வந்தது. பூட்டு எப்போதும் உலோகத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

கடல் தொழிலிலும் இதே பழக்கம்தான். மணப்பாடு முதல் வேம்பார் வரை பலகை வள்ளத்தைக் கட்டிய ஓடாவியின் வேலை, வள்ளத்தை ஒப்படைத்த நாளோடு முடிந்துவிடாது. அடுத்த சோளகக் காற்றுக்குள் பாயின் அளவு மாறும், அணியம் உயரும், வலைக்குத் தக்கபடி உள்தட்டு மாறும். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிய தூத்துக்குடித் தோணிகள் பாய்மரத்தோடு பிறந்தவை. பின்னாளில் அதே உடலுக்குள் டீசல் எஞ்சின் உட்கார்ந்தது. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் வெளிப்புற எஞ்சின் வந்தபோது கதை இன்னும் சுவையானது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பெட்ரோலுக்கென்று வடிவமைத்த எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் நம் மீனவர்கள். அதனால் புகை கூடியது, எஞ்சினின் ஆயுள் குறைந்தது. ஆனால் கட்டுப்படியாகும் எண்ணெயில் கடலுக்குப் போக முடிந்தது. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் எஞ்சினுக்குச் சொந்தக்காரர்கள். யமஹா பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் வகைகளையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறைகளை நடத்தி, மீனவர் பிள்ளைகளையே மெக்கானிக் ஆக்கியது.

அந்த எஞ்சின் நிறுவனங்கள் தங்கமான மனசுக்காரர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். விற்று முடிந்த எஞ்சினின் மேல் அவர்களுக்குக் கை எட்டவில்லை. மணப்பாட்டுக் கரையில் ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றினால் ஜப்பானில் யாருக்கும் தெரியப்போவதில்லை. உதிரிப்பாகம் விற்றதில் அவர்களுக்கு லாபமும் இருந்தது. கைபேசி வந்தபோது இந்த இரண்டும் தலைகீழாயின. விற்ற பிறகும் நிறுவனத்தின் கை வலைப்பின்னல் வழியாக உள்ளே எட்டுகிறது. லாபமோ பழைய போனை ஓட வைப்பதில் இல்லை, அடுத்த போனை விற்பதிலும், போனுக்குள் ஓடும் கடையிலும் விளம்பரத்திலும் இருக்கிறது. நிறுவனங்களை ஒப்பிடும்போது இந்த அடித்தளத்தை மறந்துவிட்டால், ஒன்று நல்லது இன்னொன்று கெட்டது என்ற கட்சிச் சண்டையில்தான் போய் நிற்போம்.

ஆண்ட்ராய்டின் முதல் போன் 2008 அக்டோபரில் வந்த எச்டிசி ட்ரீம். அடுத்த மாதமே அதில் ஒரு விந்தையான ஓட்டை தெரியவந்தது. விசைப்பலகையில் என்ன தட்டினாலும், திரையில் திறந்திருக்கும் செயலிக்குப் போவதோடு, பின்னால் முழு அதிகாரத்தோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு கட்டளைச் சாளரத்துக்கும் அது போனது. நண்பருக்கு எழுதும் செய்தியின் நடுவே 'ரீபூட்' என்ற சொல்லைத் தனி வரியாக ஆங்கிலத்தில் தட்டினால் போன் நிஜமாகவே அணைந்து எழுந்தது. கூகுள் அதை உடனே அடைத்தது, அடைக்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஓட்டை வழியாகத்தான் முதல் மாற்றுநர்கள் உள்ளே நுழைந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கூகுள், நிரலர்களுக்கென்று பூட்டில்லாத ஒரு போனை 399 டாலருக்கு விற்றது. 2010 ஜனவரியில் வந்த கூகுளின் நெக்சஸ் ஒன் வெளிப்படையாகவே வழிவிட்டது: உரிய விசைகளைச் சேர்த்து அழுத்தி, போனை எழுப்பும் நிரலான பூட்லோடருக்குள் போய், கேபிளைக் கணினியில் செருகி, ஒரே ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் போதும். திரையில் எச்சரிக்கை வரும். ஒலி விசையால் 'ஆம்' என்பதற்கு நகர்ந்து மின்விசையால் உறுதி செய்ய வேண்டும். உடனே போனுக்குள் இருந்த சொந்தத் தரவு அத்தனையும் அழிந்துவிடும். திருடன் கையில் போன் கிடைத்தாலும் பூட்டைத் திறக்கும்போது உங்கள் தரவு அவனுக்குக் கிடைக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. இந்தச் சின்ன விவரத்தைப் பிறகு தேவைப்படும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

கூகுள் ஏன் திறந்து வைத்தது? ஆண்ட்ராய்டு அப்போது ஐபோனுக்கும் நோக்கியாவுக்கும் எதிரே இடம் தேடிக்கொண்டிருந்த புதியவன். அதற்கு நிரலர்கள் வேண்டும். ஆனாலும் 2009 செப்டம்பரில், ஸ்டீவ் கோண்டிக் உருவாக்கிய சயனோஜென்மாட், போனில் ஏற்றும் தன் மாற்று மென்பொருளுடன் (ரோம்) கூகுளின் சொந்தச் செயலிகளையும் சேர்த்துக் கொடுத்தபோது வழக்கறிஞர் கடிதம் அனுப்பியதும் இதே கூகுள்தான். எச்டிசியின் கதையும் இதையே சொல்கிறது. 2011-இல் அது தன் புதிய போன்களைப் பூட்டியது, வாங்கியவர்கள் கொதித்தார்கள், மே மாத இறுதியில் தலைமை நிர்வாகி பீட்டர் சௌ இனிப் பூட்டமாட்டோம் என்று அறிவித்தார், சில மாதங்களில் திறப்பதற்கான தளம் வந்தது. வாடிக்கையாளரை இழக்கப் பயந்த நிறுவனம் காது கொடுத்தது. சோனி எரிக்சன் அதே ஆண்டு தானாகவே வழி திறந்தது, மாற்றுநர்களுக்கு நுட்ப உதவியும் செய்தது. ஆனால் திறந்த போனிலிருந்து சில ரகசிய விசைகள் அழிந்துவிடும். சில எக்ஸ்பீரியா போன்களில் கேமராவின் தரமே குறைந்தது. வாசலைத் திறந்துவிட்டு உள்ளே இருந்த ஒரு பொருளை எடுத்துக்கொண்டுபோன கதை இது.

சாம்சங்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இரண்டு முகமும் அதில் தெளிவாகத் தெரிகிறது. 2011-இல் அது கோண்டிக்கையே வேலைக்கு எடுத்தது, சயனோஜென்மாட் குழுவுக்கு கேலக்ஸி எஸ்2 போன்களைக் கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில், தன் முதல் கேலக்ஸி எஸ் போனுக்கு ஆண்ட்ராய்டு 4.0 தர முடியாது என்றும் அறிவித்தது: தன்னுடைய மேலடுக்கு மென்பொருளையும் சேர்த்தால் நினைவகம் போதாதாம். மறு ஆண்டு அந்த மேலடுக்கு இல்லாமல் சயனோஜென்மாட் 9 அதே போனில் ஓடியது. முடியாது என்று உற்பத்தியாளர் சொன்னதை முடியும் என்று வெளியாட்கள் காட்டிய இடம் அது. பின்னர் 2013 முதல் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாடு வந்தது. போனின் சில்லுக்குள் ஒரு மின் உருகி. அங்கீகாரமில்லாத மென்பொருளை ஏற்றினால் 0 என்றிருந்தது 1 ஆகும், திரும்பவே திரும்பாது. பழைய மென்பொருளை அப்படியே மீட்டு வைத்தாலும் பணம் செலுத்தும் வசதியும் பூட்டிய கோப்புறையும் வராது. 2021-இல் இசட் ஃபோல்ட் 3 போனைத் திறந்தவர்களுக்குக் கேமராவே வேலை செய்யாமல் போனது. எதிர்ப்புக்குப் பிறகு திருத்தினார்கள். 2025-இல் தன் மென்பொருளின் ஒன் யூஐ 8 பதிப்போடு திறக்கும் தெரிவையே எடுத்துவிட்டார்கள். சந்தையின் உச்சியில் இருப்பவருக்கு ஆர்வலர்களின் ஆதரவு தேவைப்படவில்லை.

ஷியோமி இந்த வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று. 2010 ஏப்ரலில் தொடங்கிய அந்த நிறுவனம் முதலில் போன் செய்யவில்லை. அதன் முதல் சரக்கு அந்த ஆகஸ்டில் வந்த மியூஐ. பிறர் செய்த போன்களில் ஏற்றிக்கொள்ளும் கஸ்டம் ரோம். நெக்சஸ் ஒன் திறந்திருந்ததால்தான் அதில் ஏற முடிந்தது. பிறரின் திறந்த கதவு வழியாக உள்ளே வந்த நிறுவனம் இது என்பதை மறக்கக் கூடாது. 2014 ஜூலையில் இந்தியாவுக்குள் வந்தபோதும் மலிவும் திறப்பும்தான் அதன் கவர்ச்சி. 2016-இல் பூட்டு வந்தது. விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்க வேண்டும், பிறகு மணிக்கணக்கிலிருந்து நாள்கணக்குக்கு நீண்ட காத்திருப்பு; 2023-இல் அதன் புதிய மென்பொருளான ஹைப்பர் ஓஎஸ் வந்தபோது விதிகள் இன்னும் இறுகின. ஹுவாவே 2018 மே மாதம் அறிவித்து, 60 நாளில் திறவுகோல் கொடுப்பதையே நிறுத்திவிட்டது.

நம் நாட்டுக் கதை 2014 டிசம்பரில் ஒரு நீதிமன்ற வழக்காக வெடித்தது. சயனோஜென்மாட்டிலிருந்து பிறந்த சயனோஜென் நிறுவனத்தின் மென்பொருளோடு உலகமெங்கும் விற்ற ஒன்பிளஸ் ஒன் அந்த மாதத் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் சயனோஜென், இந்திய உரிமையைத் தனியாக மைக்ரோமேக்ஸுக்கு எழுதிக்கொடுத்திருந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 16-ஆம் தேதி ஒன்பிளஸுக்கு இடைக்காலத் தடை விதித்தது. மாத இறுதிக்குள் இரு நீதிபதி அமர்வு அதை விலக்கியது. 18-ஆம் தேதி மைக்ரோமேக்ஸின் யூ யுரேகா 8,999 ரூபாய்க்கு வந்தது, ரூட் செய்தாலும், அதாவது போனின் முழு அதிகாரத்தை எடுத்துக்கொண்டாலும், வாரண்டி போகாது என்ற உறுதிமொழியோடு.  இரண்டே ஆண்டில், 2016 டிசம்பர் 31-இல், சயனோஜென் நிறுவனம் தன் சேவைகளை மூடியது. மூல நிரல் பொதுவில் இருந்ததால் தன்னார்வலர்கள் அதை லீனியேஜ் ஓஎஸ் என்ற பெயரில் அதற்கு ஒரு வாரம் முன்பே தூக்கி நிறுத்திவிட்டார்கள். நிறுவனம் செத்தது, வேலை சாகவில்லை. அதே காலத்தில் மீடியாடெக் சில்லோடு விற்ற பல மலிவு இந்திய போன்கள் வேறொரு பாடம் சொல்கின்றன. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கணினியும் கேபிளும் வைத்திருந்த யாரும் அவற்றின் மென்பொருளை மறுபடி ஏற்றிவிட (ஃபிளாஷ்) முடியும், பூட்டு பெயருக்குத்தான். ஆனால் அவற்றை விற்றவர்கள் பெரும்பாலும் மூல நிரலை வெளியிடவில்லை. லினக்ஸ் கருநிரலின் ஜிபிஎல் உரிமம் அதை வெளியிடச் சொல்கிறது. ஷியோமியும் இதில் பலமுறை காலம் தாழ்த்திக் கண்டனம் வாங்கியிருக்கிறது. கதவு திறந்திருந்தும் வரைபடம் இல்லாத வீட்டில் பழைய மென்பொருளைத் திரும்ப வைக்கலாம், புதியதாக ஒன்றும் கட்ட முடியாது.

தமிழுக்கு இதில் என்ன வந்தது என்று கேட்பவர்கள், ஆண்ட்ராய்டு 2.3 காலத்துத் திரையை நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்ப் பக்கம் திறந்தால் வெறும் கட்டங்கள். 1554-இல் லிஸ்பனில் நடந்ததே மறுபடி நடந்தது: கருவியில் எழுத்து இல்லை என்பதால் தமிழர்கள் ரோமன் எழுத்தில் தமிழ் எழுதினார்கள், கோடிக்கணக்கில். சில நிறுவனங்கள் இந்தியச் சந்தைக்கான போன்களில் தாங்களே தமிழைச் சேர்த்தன; சேர்க்காத போன் வைத்திருந்தவருக்கு இரண்டு வழிகள். ஒன்று, ஓபரா மினி உலாவியின் உள்ளமைப்பில் ஒரு தெரிவை மாற்றினால், அதன் சர்வர் தமிழ் எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பும். இன்னொன்று, ரூட் செய்து எழுத்துரு அடைவுக்குள் தமிழ் எழுத்துருவை வைப்பது. அப்படி வைத்தாலும் 'பெ' எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் வந்து நிற்கும், 'கொ' மூன்று துண்டாகச் சிதறும். தமிழில் கொம்பு ஒலியில் மெய்க்குப் பின்னும் வடிவத்தில் அதற்கு முன்னும் வருவதை அந்த வரையும் நிரல் அறியாது. அதைச் சரிசெய்ய எழுத்துரு போதாது, நிரல்தொகுதியையே மாற்ற வேண்டும். பூட்டிய போனில் அதற்கு இடமில்லை. 2011 இறுதியில் வந்த ஆண்ட்ராய்டு 4.0 தொடங்கி இந்திய எழுத்துகள் படிப்படியாகச் சரியாயின, ஆனால் பழைய போன்களுக்கு அந்தப் பதிப்பு வரவில்லை. ஐபோனிலோ தமிழ் விசைப்பலகை 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோதுதான் வந்தது. ஆப்பிள் மனம் வைக்கும்வரை ஆறு ஆண்டுகள் காத்திருந்தோம்.

ஆப்பிளை வைத்துத்தான் இதற்கு வலுவான மறுப்பும் வருகிறது. எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டும் அந்த நிறுவனம்தான் பழைய போன்களுக்கும் நீண்ட காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் தருகிறது. திறந்த போன்களின் உலகத்தில் மூன்றாண்டிலேயே கைவிட்டவர்கள் ஏராளம். சாதாரண மனிதருக்குத் திறவுகோலை விடப் பராமரிப்பு முக்கியம் இல்லையா? முக்கியம்தான். ஆனால் எந்தப் பராமரிப்பும் ஒரு நாள் நிற்கும். நின்ற பிறகு அந்த போனில் எஞ்சியிருக்கும் திறன் யாருடையது என்பதுதான் கேள்வி. ஐபோனைப் பொறுத்தவரை அதற்கு விடை இல்லை. தன் போனை உடைத்துத் திறப்பவர் சட்டத்தை மீறவில்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2010 ஜூலையில் விலக்கு அளித்தது. ஆனால் திறக்கும் வழியைக் காட்ட ஆப்பிளை அது கட்டாயப்படுத்தவில்லை. இன்று அந்த ஐபோன்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் நம் பெண்களின் கைகளால் பொருத்தப்படுகின்றன. நம் மண்ணில் செய்வதால் மட்டும் ஒரு கருவி நமக்குத் திறந்துவிடாது. 2006 முதல் 2014 நவம்பர் வரை ஸ்ரீபெரும்புதூரில் ஓடிய நோக்கியா ஆலையே அதற்குச் சாட்சி.

அடுத்த மறுப்பு பாதுகாப்பு. ஷியோமி 2016-இல் சொன்ன காரணம் பொய் இல்லை: இடைத்தரகர்கள் பெட்டியைப் பிரித்து, விளம்பரமும் வேவும் நிறைந்த ரோமை ஏற்றி, மறுபடி ஒட்டி விற்றார்கள். வாங்கியவர் ஏமாந்தார். அதற்காகத் தொழிற்சாலையிலிருந்து வரும்போது போன் பூட்டியிருக்க வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பூட்டியிருப்பது வேறு, சொந்தக்காரருக்குத் திறவுகோல் மறுப்பது வேறு. நெக்சஸ் காட்டியபடி திறக்கும்போது தரவு அழிந்தால் திருடனுக்கு லாபமில்லை. திறந்த போன் ஒவ்வொரு முறை எழும்போதும் எச்சரிக்கைத் திரை காட்டினால் ஏமாற்றி விற்கவும் முடியாது. கூகுளின் பிக்சல் போன்களில் வேறு மென்பொருளை ஏற்றிய பின், அதை ஏற்றியவரின் சொந்தக் கையொப்ப விசையோடு மறுபடி பூட்டவும் முடியும். பாதுகாப்பும் உரிமையும் ஒரே போனில் இருக்க முடியும் என்பதற்கு நடைமுறைச் சான்று அது. வருத்தம் என்னவென்றால், 2025 ஜூனில் ஆண்ட்ராய்டு 16 வந்தபோது பிக்சலின் வன்பொருளுக்கு மென்பொருளைப் பொருத்தத் தேவையான சாதனக் கோப்புகளை வெளியிடுவதைக் கூகுள் நிறுத்திவிட்டது. கதவை மூடவில்லை, வரைபடத்தை எடுத்துக்கொண்டது. கூகுளும் இப்போது இடம் தேடும் புதியவன் இல்லை.

வங்கிகளின் மறுப்பு கடினமானது, மீன் ஏலத்தில் யூபிஐ-யில் பணம் வாங்குகிற கரையில் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. திறந்த போனில் பல பணச் செயலிகள் ஓட மறுக்கின்றன. மோசடி நிறைந்த காலத்தில் வங்கி எச்சரிக்கையாக இருப்பது நியாயம். ஆனால் அது செய்யும் சோதனை என்ன கேட்கிறது என்று பாருங்கள். போன் பாதுகாப்பாக இருக்கிறதா என்று கேட்பதை விட, உற்பத்தியாளரின் முத்திரை அப்படியே இருக்கிறதா என்றுதான் முதன்மையாகக் கேட்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒரு திருத்தமும் வராத, ஓட்டை நிறைந்த பழைய போன் முத்திரையோடு இருந்ததால் தேறியிருக்கிறது. சென்ற மாதத் திருத்தம் வரை ஏற்றிய லீனியேஜ் போன் தோற்றிருக்கிறது. பாதுகாப்பை அளக்கட்டும், எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் அளக்கட்டும். முத்திரையை அளந்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இதையெல்லாம் எத்தனை பேர் செய்கிறார்கள், ஒரு சிலருக்காகச் சட்டமா என்பது கடைசி மறுப்பு. புன்னைக்காயலில் அச்சு வார்க்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணியிருக்கலாம். 'அடியார் வரலாறு' கரை முழுவதற்கும் ஆனது. எஞ்சின் கார்புரேட்டரைப் பிரிக்கத் தெரிந்தவர் ஊருக்கு இரண்டு பேர் இருந்தால் போதும், எல்லா வள்ளமும் கடலுக்குப் போகும். திறக்கும் உரிமையைப் பயன்படுத்துபவர் சிலர், பலன் அடைபவர் பலர். நிறுவனங்களும் பலனடைந்தன: அறிவிப்புத் திரையில் ஒரே தொடுதலில் வைஃபையை அணைக்கும் பொத்தான்களும், ஒரு செயலி எதைப் பார்க்கலாம் என்று தனித்தனியாக மறுக்கும் வசதியும் கஸ்டம் ரோம்களில் முன்பே இருந்தவை. எஞ்சின்களே இப்போது போன்களின் வழியில் போகின்றன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். புதிய நான்கு-ஸ்ட்ரோக் வெளிப்புற எஞ்சின்களின் எரிபொருள் தெளிப்பைக் கணினிதான் நடத்துகிறது. கோளாறைக் கண்டுபிடிக்க நிறுவனத்தின் கருவியைச் செருக வேண்டும். ஸ்பானரோடு நிற்கும் ஊர் மெக்கானிக்குக்கு அங்கே செய்வதற்கு அதிகமில்லை.

ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் நான் பார்ப்பது இவைதான்: கேட்காமலே திறக்க முடிகிறதா, திறந்தால் எதை இழக்கிறோம், மூல நிரலும் சாதனக் கோப்பும் கிடைக்கின்றனவா, மனம் மாறினால் பழைய நிலைக்குத் திரும்ப முடிகிறதா. இன்றைய நிலவரத்தில் டச்சு நாட்டின் ஃபேர்போன் இதில் முன்னால் நிற்கிறது, ஆனால் அது நம் கடைகளில் இல்லை. பிக்சல் பாதி, சோனி பாதி. ஷியோமி வாசலில் வரிசை நிற்க வைக்கிறது. சாம்சங்கும் ஹுவாவேயும் மூடிவிட்டன. ஆப்பிள் திறந்ததே இல்லை. இந்த வரிசை ஐந்து ஆண்டுக்கு முன் இப்படி இல்லை, ஐந்து ஆண்டுக்குப் பின்னும் இப்படி இருக்காது.

சட்டத்தின் பக்கம் சில அசைவுகள் இருக்கின்றன. ஒன்றிய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, டிசம்பரில் அதற்கான தளத்தைத் தொடங்கியது. உதிரிப்பாகம், கையேடு, சேவை மையம் பற்றி அங்கே பேச்சு இருக்கிறது. பூட்லோடர் பற்றி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு போனின் விற்பனை முடிந்த பிறகும் ஐந்து ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு தர வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. அங்கேயும் ஐந்து ஆண்டுக்குப் பின் என்ன என்பதற்குப் பதில் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: புதுப்பிப்பை நிறுத்தும் நாளில் திறவுகோலையும் சாதனக் கோப்புகளையும் வெளியிட வேண்டும் என்று இந்தியச் சட்டம் சொல்லட்டும். அரசு தானே வாங்கும் கருவிகளில் நாளையே இதைத் தொடங்க முடியும். 2024 ஆகஸ்ட் 30 அன்று ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு 364 கோடி ரூபாய் மதிப்பில் இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர் கருவிகளைப் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். சிக்னல் எட்டாத கடலில் புயல் எச்சரிக்கையும் ஆபத்துச் செய்தியும் அதன் வழியே போய்வரும். அதைப் படிப்பது மீனவரின் கைபேசியில் புளூடூத் வழியாக இணையும் நபமித்ரா செயலியில். அந்தச் செயலியின் அடுத்தடுத்த பதிப்புகள், நிறுவனம் கைவிட்ட போன்களில் ஓடுமா என்பது இன்னும் சில ஆண்டுகளில் மணப்பாட்டுக் கரையில் எழப்போகும் கேள்வி. கருவிக்கான ஒப்பந்தத்திலேயே அதன் மென்பொருளின் மூல நிரலைப் பொதுவில் வைக்கும் நிபந்தனையைச் சேர்த்துவிட்டால், அதைப் பழைய போனில் ஓட வைக்க வேலை தெரிந்த இரண்டு பிள்ளைகள் தூத்துக்குடியிலேயே கிடைப்பார்கள்.